முனைத் திருப்பத்தில் பின்னால் வந்த சத்தம்

“அத்தே, பின்னாடி வந்தது முடிச்சிடுச்சா?”

என் தம்பி மகள் கயல்விழி, பதினான்கு வயதில், பந்தயம் முடிந்து தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத கேள்வி வந்தால், “நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்பேன். மறுநாள் சொல்லியும்விடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அந்த நாளை இன்னும் வரவில்லை.

பட்டாபிராம் ஏரிகளைப் பற்றி நான் எழுதிய பதிவைப் படித்த சிலர், அதற்கு மேற்கே இருக்கும் பழைய விமான ஓடுதளத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். போர்க்காலத்தில் போட்டு, பிறகு கைவிட்ட தளம் அது. தொண்ணூற்றிரண்டாம் வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனதைச் சொல்கிறேன். வழியும் அதிலேயே வந்துவிடும்.

என் தம்பி சுந்தரத்துக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பின் பின்பக்கத்தில் மகளுக்கு ஒரு கார்ட் கட்டிக்கொடுத்திருந்தான். கார்ட் பார்க்காதவர்கள் ஓர் இரும்புக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கால்களை அறுத்துவிட்டு, நான்கு குட்டிச் சக்கரம், ஒரு பழைய ஸ்கூட்டர் எஞ்சின், ஓர் இருக்கை. உட்கார்ந்தால் தரை நான்கு விரல் கீழே ஓடும். போட்டி உடுப்பைத் தைத்தது அவள் அம்மா சரோஜா. திருப்பத்தில் நின்று, இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவது என் வேலை. எழுத்து பெரிதாக, தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். அது எனக்கு நன்றாக வரும்.

அந்தப் பருவத்தில் நான்கு போட்டிகள். முதலாவது ஜூன் மாதம் இதே ஓடுதளத்தில் நடந்தது. கடைசியில் இருக்கும் முனைத் திருப்பத்தில் கயல் டயர் அடுக்கில் மோதி, காறை எலும்பை முறித்துக்கொண்டாள். இரண்டாவது போட்டிக்கு வர முடியவில்லை. மூன்றாவது பூந்தமல்லிப் பக்கம் ஒரு மைதானத்தில். எந்தத் திருப்பம் வந்தாலும் வெகு முன்பே பிரேக்கை மிதித்தாள், கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தாள். அன்று இரவு சரோஜா முடிவாகச் சொல்லிவிட்டாள். பயந்து ஓட்டுகிறவளைத்தான் வண்டி தூக்கி அடிக்கும்; நான்காவது போட்டியிலும் பயம் போகவில்லை என்றால் அதோடு கார்ட்டைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து கயலின் தட்டில் சோறு மீந்தது.

மேனாம்பேட்டில் என் வீட்டு வாசலுக்கு டெம்போ வந்தபோது மணி ஐந்து ஐந்து. நாள் வாடகை நூற்றெண்பது ரூபாய். ஓட்டுநர் மாரி உள்ளூர்க்காரர். குடும்பம் விவசாயம், ஞாயிற்றுக்கிழமை டெம்போ. ஆவடியில் கார்ட்டை ஏற்றும்போது சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, கூரையே காணோம். மய பேஞ்சா கொட புட்ச்சிகினே ஓட்டுவியா?”

கயல் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நெமிலிச்சேரி கேட்டில் ரயிலுக்காகப் பத்து நிமிடம் நின்றோம். எதிரே நின்ற மாட்டுவண்டி தெரியவில்லை, மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. அப்படிப்பட்ட பனி. கேட்டிலிருந்து ஓடுதளம் ஏழு கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டு மண்பாதை. ஆறே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆறரைக்குப் பயிற்சி. ஒவ்வொரு கார்ட்டாகத் தனியே விட்டார்கள். நான் சிலேட்டோடு முனைத் திருப்பத்துக்கு நடந்தேன், முக்கால் கிலோமீட்டர். ஜூனில் அவள் மோதிய டயர்கள் அதே இடத்தில், ஈரத்தில் கறுத்து இருந்தன. கயலின் எஞ்சின் சத்தம் எனக்குப் பழக்கம். சுருதி உயரப் போகும்போது லேசாகக் கரகரக்கும், சளி பிடித்த பிள்ளை பாடுவதுபோல. அது கிளம்பியது கேட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று கிளம்பியதும் கேட்டது. அதே கரகரப்பு.

கயல் பனியிலிருந்து வந்தாள், திருப்பத்தில் தடவித் தடவித் திரும்பினாள், போய்விட்டாள். இரண்டாவது சத்தம் திருப்பம்வரை வந்தது. எனக்கு நேரே வந்தது. அதன் கீழே வண்டி இல்லை. நான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தேன், வழி விடுவதுபோல.

மூன்று சுற்றும் அப்படித்தான்.

திரும்பி நடந்து போனபோது கயல் கார்ட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ பின்னாலேயே வந்ததாகவும், முந்தவும் இல்லை, விடவும் இல்லை என்றும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுந்தரம் திரும்பித் திரும்பி மற்ற கார்ட்டுகளைப் பார்த்தான். எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன.

சரோஜா திருநெல்வேலிக்காரி. குரலை உயர்த்தவே மாட்டாள். “மதினி, பிள்ள பொறத்தால யாரோ வாரான்னு சொல்லுது. வண்டிய ஏத்தச் சொல்லுங்க. போதும்.”

எனக்கு ஜூனில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஓடுதளத்தின் வடக்கே, விமானக் கொட்டகையின் ஒற்றைச் சுவர், இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. கயலை எழுப்பி நிறுத்தி, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். பந்தைச் சுவரில் எறிந்தால் உன்னிடமே திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் உன் பெயரே மேலே வருகிறது. சத்தத்துக்குச் சுவர் போதும். பனி நாளில் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

“அப்ப பின்னாடி வர்றது நான்தானா அத்தே?”

“நீதான்.”

“நான்னா பரவால்ல. என்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்.” பிறகு அம்மாவைப் பார்த்தாள். சரோஜா அவள் தலைக்கவசத்தின் தாடைப்பட்டையை இழுத்து இறுக்கிவிட்டாள். அதுதான் அனுமதி.

ஒன்பது மணிக்குப் போட்டி, பத்துச் சுற்று, பதினோரு கார்ட். பனி விலகவில்லை. முதல் சுற்றிலேயே கயல் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் பிடிக்காமல் வந்தாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. வண்டியின் பின்பக்கம் லேசாக வழுக்கி, நேராகி, போய்விட்டது. ஏழாவது சுற்றில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருவன். கடைசிச் சுற்றில் பதினொன்றும் என்னைத் தாண்டிப் போனதை எண்ணினேன். அதற்குப் பிறகும் அந்தக் கரகரப்பு ஒருமுறை திருப்பம்வரை வந்து நின்றது.

இரண்டாமிடம். கொடி விழுந்த பிறகும் கயல் நிற்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்ட தடத்தில், தன்னந்தனியாக இன்னொரு சுற்று வந்தாள். நிதானமாக, யாரையோ கூட்டி வருகிற வேகத்தில். முனைத் திருப்பத்தில், என் பக்கத்தில் வந்து நிறுத்தினாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான், “முடிச்சிடுச்சும்மா” என்றேன். அவள் தலையாட்டினாள்.

பதினொன்றரைக்குக் கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது. மாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சுவரைப் பார்ப்பதற்காக வடக்கே எட்டிப் பார்த்தேன். கருவேலம் புதர், ஆடுகள், தட்டையான நிலம்.

“இன்னா டீச்சர் தேடுற?”

சொன்னேன்.

“அந்தச் சொவரா? ஆடிக் காத்துலயே உயுந்துட்ச்சே. செங்கல்ல ஆளாளுக்கு ஊட்டுக்கு எட்துகினு பூட்டாங்க.”

திரும்பிப் பின்னால் பார்த்தேன். கயல் கார்ட்டின் பக்கத்தில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதே வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரி சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். நெமிலிச்சேரி கேட்டில் இறங்கி இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றாள்.

கார்ட்டைப் பிரிக்கவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் ஓட்டினாள். எந்த ஊர்த் தடமானாலும் கொடி விழுந்த பிறகு ஒரு சுற்று கூடுதலாக வருவாள். நடுவர்கள் திட்டுவார்கள், வந்துகொண்டேதான் இருந்தாள். ஏன் என்று சுந்தரம் ஒருமுறை கேட்டதற்கு, “அதுவும் வரட்டும்ப்பா” என்றாளாம். பனி, தூரத்துக் கட்டடம், தொழிற்சாலை மதில் என்று எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் அந்தத் தட்டையான நிலத்தில் நிற்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: நெமிலிச்சேரிவரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ. பேசிவிட்டு ஏறுங்கள். ஓடுதளத்தில் பாதி இப்போது மனைகளாகிவிட்டது, முனைத் திருப்பம் மிச்சமிருக்கிறது. கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். தை மாதத்தில், ஏழு மணிக்குள் போனால் நல்லது.

திருப்பத்தில் வடக்கே பார்த்து நின்று, ஒரே ஒருமுறை கைதட்டிவிட்டுக் காத்திருங்கள்.