தொண்ணூறாம் பக்கத்தில் ஓடியவன்

எங்கள் வடக்கு ஐஸ்லாந்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவள் ஸ்டெய்ன்வோர். புயல் ஓயக் காத்திருக்கும் நேரமெல்லாம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு வைக்கிங் காதல் கதை எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு அது புத்தகமாக வந்ததும் ஊரே அதைத்தான் படித்தது.

அடுத்த வாரம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஸ்டெய்ன்வோரும் நாங்களும் கழுத்தளவு நீரில் கிடந்தோம். ஆட்டுப்பண்ணைக்கார ஹால்வர்தூர் தொபுக்கென்று உள்ளே குதித்தான்.

"ஏன்டி, எங்க தோர்கில்ஸைச் சண்டையிலேருந்து ஓட விட்டுட்டியே! தொண்ணூறாம் பக்கத்துலயே புக்கைத் தூக்கி எறிஞ்சுட்டேன்!"

கதைநாயகன் தோர்கில்ஸ் நிஜமாகவே வாழ்ந்தவன்; செத்து ஆயிரம் வருஷம் ஆகிறது. ஹால்வர்தூர் அவனுக்கு முப்பத்தோராம் தலைமுறை. அதற்காகவெல்லாம் எங்கள் ஊரில் யாரும் கோபத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

பழஞ்சுவடி ஆராய்கிற எய்டிஸ் முந்திக்கொண்டாள். "ஓடுனான்னும் இல்ல, நின்னான்னும் இல்ல. சுவடியில அந்த ஏடே கிழிஞ்சு போச்சு. அடுத்த ஏட்டுல பதினோரு பேரைப் புதைக்கறாங்க."

"அப்ப நின்னு வெட்டினான்னு எழுத வேண்டியதுதானே!"

"பன்னெண்டு பேர் போன சண்டைடா அது," என்றாள் ஸ்டெய்ன்வோர். "உன் ஆளுக்கு அப்ப கல்யாணமே ஆகல. அவனும் நின்னிருந்தா நீ எங்கேருந்து வந்திருப்பே?"

தொட்டியே அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் எனக்கு வெந்நீர் மூக்கில் ஏறிவிட்டது. ஹால்வர்தூர் தாடைவரை நீரில் அமிழ்ந்தான். பிறகு மெல்ல நகர்ந்து அவள் பக்கம் வந்தான்.

"ஓடி... யார் வீட்டுக்குப் போனான்?"

"அது தொண்ணூத்தோராம் பக்கம்."