கடைசி வரியில் ஒரு சொல்

பிஸ்கட் பாக்கெட் கைக்கு வந்ததும் மடிப்பக்கா அதைப் பின்பக்கமாகத் திருப்புவார். அச்சிட்ட வரிகளின் வலது ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுவார். நகம் எங்காவது நின்றுவிட்டால் போச்சு. “இந்த வரியைப் போயி இங்கயா உடைப்பாங்க? கண்ணு எங்க இருந்துச்சு?” என்று கடைக்காரரிடம் நியாயம் கேட்பார். “நான் அச்சடிக்கலம்மா, விக்கிறேன், அவ்வளவுதான்” என்று அவர் பையை நீட்டிவிடுவார்.

பகலில் மடிப்பக்காவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அவர் எழுதிய கணினி நிரல் தொகுப்போடுதான் குடித்தனம். எவ்வளவு நீள வாக்கியத்தைக் கொடுத்தாலும் சொன்ன அகலத்துக்குள் வரிவரியாக மடித்துக் கொடுக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். பேருந்துச் சீட்டிலும் மருந்து லேபிளிலும் அது சத்தமில்லாமல் உழைக்கிறது. முகம் பார்க்காத கூட்டாளிகள் வைத்த பெயர்தான் மடிப்பக்கா.

அடக்கமெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. புதிய பதிப்பு வெளியானால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். பக்கத்து அறையிலிருந்து அப்பா, “வந்துடுச்சாம்மா?” என்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பிழை என்று யார் சொன்னாலும் உடனே கை வைக்க மாட்டார். அதே பிழையை வேண்டுமென்றே வரவழைக்கும் சோதனையை முதலில் எழுதுவார். சோதனை தோற்று, திரையில் சிவப்பு விழ வேண்டும். “முதல்ல விழட்டும். அப்பதானே எங்க தடுக்குச்சுன்னு தெரியும்?” தோற்றதற்கு இப்படிச் சந்தோஷப்படும் ஆளை நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு நாள், மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கும் தங்கையிடமிருந்து போன்.

“அக்கா, ‘வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்’னு அடிச்சா, ‘வெறும் வயிற்றில் சாப்பிட’ வரைக்கும்தான் லேபிள்ல வருது. நல்லவேளை, ஒட்டறதுக்கு முன்னாடி பாத்துட்டேன். ‘வேண்டாம்’ எங்கக்கா?”

மடிப்பக்கா உடனே தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார். லேபிள் அச்சிடும் மென்பொருளை விற்கும் நிறுவனம், மாலைக்குள் சரியாகாவிட்டால் அவர் தொகுப்பையே தூக்கிவிடுவோம் என்றது. அங்கே போனால் மற்ற இடங்களிலும் நம்பிக்கை போய்விடும்.

கூட்டாளிகளிடமிருந்து திருத்தங்கள் வந்து குவிந்தன. ஒருவர் எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் உள்ளே அடைத்திருந்தார். நிறுவனத்துக்காரருக்கு அதுவே போதும். “மேடம், இதையே போட்டுடுங்களேன். நேரமாகுது.”

“எறும்பு மாதிரி எழுத்தை எங்கப்பா எப்படி சார் படிப்பாரு? பொறுங்க, நான் இன்னும் விழவே இல்ல.”

தங்கையை லேபிளை அளந்து சொல்லச் சொன்னார். அந்த அகலத்தைக் கொடுத்ததும் சிவப்பு விழுந்தது. “விழுந்துட்டேன்!” என்று கைதட்டியவர், காரணத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கடைசி வரியில் ஒற்றைச் சொல் தனியாக நிற்பது அவர் கண்ணுக்கு ஆகாது. அப்படி வந்தால் மேல் வரியோடு சேர்த்துவிடும்படி முன்பு ஒரு விதி எழுதியிருந்தார். மேல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல மறந்துவிட்டார். மேலே போன ‘வேண்டாம்’ லேபிளின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

“அழகு பாத்து அழகு பாத்து ஆளையே கொன்னிருப்பேன்” என்றபடி அந்த விதியை அடியோடு அழித்தார். சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. மாலை ஆவதற்குள் புதிய பதிப்பு போய்ச் சேர்ந்தது. “உங்க தொகுப்பே இருக்கட்டும் மேடம்” என்றார் நிறுவனத்துக்காரர். வாழ்த்துகள் திரையை நிறைத்தன. மடிப்பக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விசில் மட்டும் வரவில்லை.

“என்னம்மா, வரலையா?” என்றார் அப்பா.

“லேபிளைக் கையில பாத்துட்டு அடிச்சுக்கறேம்ப்பா.”

மறுநாள் அப்பாவுக்கு மருந்து வாங்க மருந்தக ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. தங்கை லேபிளை ஒட்டி, கண்ணைச் சிமிட்டி, பெட்டியை நீட்டினாள். மடிப்பக்காவின் நகம் வலது ஓரமாக இறங்கியது. கடைசி வரியில் ‘வேண்டாம்’ தன்னந்தனியாக நின்றது. நகமும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும், இரண்டு விரலை வாயில் வைத்தார்.