ஓவர்லோடு ஏறிய பதினாலு மாடி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படியேற முடியவில்லை என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஊருக்கு முன்னால் அவர் மனைவியே சிரித்துவிட்டாள். "முப்பது வருஷமா எல்லாரையும் மேலே ஏத்தி விட்டீங்க, உங்களை ஏத்தி விட ஒரு ஆள் இல்லாமப் போச்சே!" மருந்துக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவள் நாக்குக்கு அப்படி ஒரு கூர்மை. சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், டீ போட எழுந்து போனாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். ஐம்பது தாண்டிய மெக்கானிக்குகள் பத்துக் கிலோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினாலு மாடி ஏற வேண்டும். எட்டு நிமிஷம் முடிந்து விசில் ஊதும்போது மொட்டை மாடியில் நிற்க வேண்டும். தவறினால் மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை உதிரி பாகக் கிடங்குதான். ஜன்னல் இல்லாத அறை, கிரீஸ் வாடை, அலமாரி அலமாரியாகப் பேரிங்குகள். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டியது. நம்மாள் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். அவரோடு வேலை பார்க்கும் ஜோடிக்காரர் எட்டாவது மாடியோடு சரி. இருவரும் லிஃப்டில்தான் கீழே வந்தார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பேசாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. லிஃப்ட் வேலை எப்போதும் ஜோடி வேலை. ஒருவர் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில், இன்னொருவர் அடியில் இருக்கும் குழியில். நடுவே வாக்கிடாக்கி. அதில் "மேலே", "கீழே", "நிறுத்து" என்ற மூன்று வார்த்தைகள்தான் ஓடும். பதினோரு வருஷமாக இவர் மேலே, ஜோடிக்காரர் கீழே. இவர் ஒரு நொடி தப்பாக இயக்கினால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஆனால் ஜோடிக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இவர் திருதிருவென்று விழிப்பார்.

அந்த வாரம் ஒரு பேக்கரியின் சரக்கு லிஃப்டைப் பழுது பார்க்கப் போனார். இரண்டே மாடிதான். ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து பேக்கரிக்காரருக்கே பயம் வந்துவிட்டது.

"அண்ணே, உக்காருங்க முதல்ல. தண்ணி குடிங்க. காலையில அஞ்சே காலுக்கு எங்க தெரு ஸ்கூல் மைதானத்துக்கு வர்றீங்களா?"

"எதுக்கு?"

"ஓடத்தான்."

"என்னைப் பாத்தா ஓடுற ஆள் மாதிரியா தெரியுது?"

"எங்களைப் பாத்தாலும் தெரியாது, வந்து பாருங்க!"

அவர் சொன்னது பொய்யில்லை. மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். தொப்பை, வழுக்கை, முழங்கால் உறை என்று ஆளுக்கொரு சீர். பயிற்சியாளர் கிடையாது, கட்டணம் கிடையாது. தினம் ஒருவர் முன்னால் நின்று நடத்துவார். மழை பெய்தாலும் நனைந்துகொண்டே நடக்கும். முதல் நாளே புது ஆளுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். வைத்தது வைத்ததுதான், மாற்ற முடியாது. பல் டாக்டர் ஒருவருக்கு 'வலிக்காது' என்று பெயர். தண்டால் எடுக்க வைக்கும்போதும் அந்த மனுஷன் அதையே சொல்வாராம். நம்மாள் லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னதுதான் தாமதம், 'வலிக்காது' அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்.

"ஓவர்லோடு!"

மைதானமே சிரித்தது. நம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது.

அது போதாதென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆறு சுற்று ஓட வேண்டும். முடித்தவர்கள் நின்று மூச்சு வாங்கக் கூடாது. யாராவது "திரும்பு!" என்று கத்துவார், எல்லாரும் திரும்பிப் போய், கடைசியாக வருகிறவரோடு சேர்ந்து ஓடி வர வேண்டும். தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது, கூட வர வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் அந்தக் கடைசி ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? பன்னிரண்டு தடியன்கள் தன்னைக் கூட்டிப்போக ஓடி வருவதைப் பார்த்ததும் அவருக்கு அப்படியே சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. "போங்க, போங்க" என்று கையை வீசினார். யாரும் போகவில்லை. பேக்கரிக்காரர் பக்கத்தில் வந்து, உற்சாக வார்த்தை ஒன்றும் சொல்லாமல், அன்று விடியற்காலையில் நாற்பது பன்னும் தட்டோடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கிய கதையைச் சொன்னார். பன் கதை முடிவதற்குள் சுற்று முடிந்துவிட்டது.

"இனிமே அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். மறுநாள் ஐந்து மணிக்கு அவரே எழுந்து ஷூவைத் தேடினார். அவள் தூக்கக் கலக்கத்திலேயே, "கட்டிலுக்கு அடியில பாருங்க" என்றாள்.

மூன்று மாதத்தில் தொப்பை முழுக்கக் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது புளுகு. பாதி கரைந்தது. ஆனால் வேறு என்னென்னவோ நடந்தது. 'வலிக்காது' தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது துணைக்கு இருக்க ஆளாளுக்கு முறை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுக்க நம்மாள் அந்த வார்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அந்த அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மைதானத்தில் அவர் நடத்தும் முறை வந்த நாளில், பார்வையாளர் படிக்கட்டில் எல்லாரையும் ஏற்றி இறக்கி நாக்குத் தள்ள வைத்தார். திட்டினார்கள், திட்டிக்கொண்டே செய்தார்கள். அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐம்பத்திரண்டு வயதில் சிநேகிதர்கள் கிடைப்பார்கள் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோடிக்காரரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எத்தனையோ தடவை வாக்கிடாக்கியை வாயருகே கொண்டு போனார். "மேலே" என்றுதான் வந்தது. தோற்றதைப் பற்றிப் பேசினால் அந்த மனுஷனுக்கு அவமானமாக இருக்குமோ என்று தயங்கித் தயங்கியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

இரண்டாவது சோதனை நாள் வந்தது. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி மொட்டை மாடியில் விசிலும் ஸ்டாப்வாட்ச்சுமாக நின்றார். இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். நாலாவது மாடியிலேயே ஜோடிக்காரரின் காலடிச் சத்தம் பின்தங்கிவிட்டது. நம்மாள் ஒன்பதாவது மாடியைத் தாண்டியபோது, தான் அன்று உட்கார்ந்த படியைப் பார்த்து, "போடா!" என்று சொல்லிவிட்டு ஏறினார். மொட்டை மாடியில் கால் வைத்தபோது ஆறு நிமிஷம் இரண்டு நொடி.

வேறு யாராக இருந்தாலும் பையைக் கீழே போட்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று மாதப் பழக்கம் காலில் ஊறிப் போயிருந்தது. அப்படியே திரும்பினார், பையோடு படியிறங்கினார்.

"ஹலோ! எங்க போறீங்க? விசில் ஊதும்போது இங்க இருக்கணும்!" அதிகாரி கத்தியது பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை.

ஜோடிக்காரர் பதினோராவது மாடிப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"உனக்கென்ன பைத்தியமா? மேலே போ!"

"நீயும் வா."

"முடியல. என்னை விடு. நீயாவது தப்பிச்சுக்கோ."

"எந்திரி. நான் தூக்க மாட்டேன், தள்ள மாட்டேன். கூட வர்றேன்."

ஜோடிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். என்ன பேசுவது என்று நம்மாளுக்குத் தெரியவில்லை. பேக்கரிக்காரரின் பன் கதையையே எடுத்துவிட்டார். பன்னிரண்டாவது மாடியில் கதை தீர்ந்துவிட்டது. கையிருப்பில் வேறு கதை இல்லை.

"மேலே" என்றார்.

ஜோடிக்காரர் ஒரு படி வைத்தார்.

"மேலே."

இன்னொரு படி. பதினோரு வருஷமாக அந்தக் குரலை நம்பித்தான் அவர் குழிக்குள் நின்றிருக்கிறார். நிமிர்ந்து பார்க்காமல் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறினார். பதினாலாவது மாடி தாண்டி, இருவரும் ஒன்றாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் வந்து விழுந்ததும் விசில் ஊதியது.

அதிகாரி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

"அவருக்கு ஏழு அம்பத்தெட்டு. பாஸ். நீங்கதான் ஆறு ரெண்டுக்கு வந்தீங்க, அப்புறம் காணாமப் போயிட்டீங்க. நான் இப்ப எதை எழுத?"

"ரெண்டு பேருக்கும் ஏழு அம்பத்தெட்டுனே எழுதுங்க சார்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எழுதினார்.

அவர் போன பிறகும் இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் கால் நீட்டிக் கிடந்தார்கள். ஜோடிக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

நம்மாள் மைதானத்தைப் பற்றிச் சொன்னார். மூன்று மாதமாகப் போவதையும் சொன்னார்.

"மூணு மாசமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!"

நம்மாளுக்குச் சுருக்கென்றது.

"தப்புதான். சொல்லியிருக்கணும். நாளைக்கு அஞ்சே காலுக்கு வா. ஷூ இருக்கா?"

"என் பெரிய பையன் ஷூ இருக்கு."

"உனக்கு எத்தனை பசங்க?"

"மூணு" என்றார் ஜோடிக்காரர். அப்புறம் மூன்று பேரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். இருவரும் கீழே இறங்க மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

மறுநாள் காலை ஆறாவது சுற்றில் ஜோடிக்காரர் எல்லாருக்கும் பின்னால், பையனுடைய பெரிய ஷூவை இழுத்துக்கொண்டு வந்தார். முடித்தவர்கள் திரும்புவதைப் பார்த்து, வெட்கத்தோடு "போங்க, போங்க" என்று கையை வீசினார். "திரும்பு!" என்று கத்தியவர் ஓவர்லோடுதான். அவர்தான் முதல் ஆளாக ஓடினார்.