கௌசியா நனைத்த மெரூன் துணி

பொய் சொல்வதற்கு முன்னால் அன்வர் பாட்சா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்ப்பார். விசிறி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. கல்யாணமான நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாகக் கடைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் அவர் மனைவி கௌசியா இதைக் கவனித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

ராசிபுரம் கடைவீதியில் அவருக்கு ஸ்கிரீன் துணிக் கடை. "பாய், சாயம் போகுமா? சுருங்குமா?" என்று யாராவது கேட்டால் விசிறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டும் கிடையாதுங்க. எங்க வீட்டு ஜன்னல்லயே இதான் தொங்குது" என்பார்.

வீட்டு ஜன்னலில் தொங்குவது மட்டும் நிஜம். எவரும் வாங்காமல் தங்கிப்போன துண்டெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஆறு ஜன்னல், ஆறு துணி. ஹாலில் மயில், படுக்கையறையில் கட்டம், சமையலறையில் ஏதோ ஒரு நர்சரிப் பள்ளி வேண்டாமென்று திருப்பிய ஏ, பி, சி, டி. "நம்ம வீடா அத்தா இது, கடையோட குப்பைக் கூடையா?" என்று மகள் ஷாஹீன் கேட்பாள். அத்தாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது.

கௌசியா ஆறாம் வகுப்போடு நின்றவள். கடையில் ஆள் இருந்தால் தூக்கை வாசலோரம் வைத்துவிட்டுத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். யாராவது பெயர் கேட்டால்கூட முக்காட்டை இழுத்துக்கொண்டு புருஷனைப் பார்ப்பாள்.

ஆனால் அந்த ஆறு ஜன்னலையும் துவைத்தது அவள்தானே. ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசிய துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை வரும் காவேரித் தண்ணீருக்காகக் காத்திருப்பாள். தெருவே குடிக்கப் பிடிக்கும்போது இவள் ஸ்கிரீனைக் கழற்றுவாள். கொக்கிகள் ஒரு டப்பாவுக்குப் போகும். மொட்டை மாடியில் தூசி போக உதறிவிட்டு, சோப்புத்தூள் முழுக்கக் கரைந்த பிறகுதான் துணியை வாளிக்குள் விடுவாள். பிரஷ் கிடையாது, முறுக்கிப் பிழிவது கிடையாது. நிழலில் போட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கம்பியில் மாட்டிவிடுவாள். துணி தன் கனத்திலேயே மடிப்பு நீங்கித் தொங்கும். இஸ்திரிக்காரர் வாசலோடு போக வேண்டியதுதான்.

ஆக, எந்தத் துணியின் விலை என்ன என்று அன்வர் பாட்சாவுக்குத் தெரியும். மூன்றாம் துவையலில் அதன் கதி என்ன என்று கௌசியாவுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஜேடர்பாளையம் போகும் வழியில் தண்டாயுதபாணி என்பவர் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். முப்பத்திரண்டு ஜன்னல். ஊரெல்லாம் போனிலேயே ஸ்கிரீன் வாங்க ஆரம்பித்து, கடையில் பல்லி மட்டும் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு, மச்சானின் பாத்திர வாடகைக் கடையில் போய்க் கரண்டி எண்ண வேண்டும். அன்வர் பாட்சா பார்த்துப் பார்த்து ஒரு மெரூன் பருத்தித் துணியை வரவழைத்தார்.

"வெள்ளிக்கிழமை புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வீட்டுக்கே வாராங்க. ஒரு ஜோடி தைச்சு ஹால்ல மாட்டிடு" என்று கௌசியாவிடம் சொன்னார்.

அவள் தைத்தாள். புதன்கிழமை காவேரித் தண்ணீர் வந்தது. புதுத்துணியில் கஞ்சி வாடை அடிக்கவே, வழக்கம்போல் நனைத்தாள். தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி ஆனது. அது என்ன வாளி என்று பார்க்காமல் அன்வர் பாட்சா ஜும்ஆ தொழுகைக்குப் போடும் தன் வெள்ளை ஜிப்பாவையும் அதிலேயே அமுக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் ஜிப்பா ரோஸாக இருந்தது. காய்ந்த ஸ்கிரீனை மாட்டினால், ஜன்னல் கட்டையைத் தொடாமல் அரை அடி மேலே நின்றது.

ஷாஹீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தா, ஜன்னலுக்குப் பனியன் மாட்டின மாதிரி இருக்கு!"

"இதை யாரு துவைக்கச் சொன்னது?"

"துவைக்காம எப்படிங்க மாட்டுறது?"

"வேற ஒரு ஜோடி தை. தண்ணி கண்ணுல காட்டாத. மண்டபத்து ஸ்கிரீனை எவன் துவைக்கப் போறான்?"

கௌசியா தைத்தாள். பழைய ஜோடியை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். கரண்டி எண்ணும் புருஷனை அவளும் நினைத்துப் பார்த்தாள்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ரோஸ் ஜிப்பாவோடு அன்வர் பாட்சா வரவும், தண்டாயுதபாணியும் அவர் மனைவி ராஜம்மாளும் காரை விட்டு இறங்கவும் சரியாக இருந்தது. கரண்ட் இல்லை.

"ஜிப்பா புதுசுங்களா பாய்? நல்லாருக்குதுங்க" என்றார் தண்டாயுதபாணி. பாய் சிரித்து வைத்தார்.

ராஜம்மாள் நேராக ஜன்னலுக்குப் போய் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தாள். "தொவைச்சா சுருங்குமுங்களா? எங்க மண்டபத்துல மொகூர்த்தத்துக்கு மொகூர்த்தம் தொவைக்கோணும். சாப்புட்டு வர்றவன் பூராம் அதுலதான் கையத் தொடைப்பான். போன வாரம் வேற மண்டபத்துல ஒருத்தன் பாயாசத்தையே தொடைச்சுட்டுப் போயிருக்கறான்."

அன்வர் பாட்சா மேலே பார்த்தார். நின்றுபோன விசிறி அவரைப் பார்த்தது. "சுருங்கவே சுருங்காதுங்கம்மா."

டீ கொண்டுவந்த கௌசியா அங்கேயே நின்றாள்.

"அக்கா, மண்டபத்துல பொண்ணு ரூம் எந்தப் பக்கங்க?"

ராஜம்மாள் திரும்பினாள். "கீழதான் அம்மிணி. பந்திக்குப் போற வழியில. ஏன் கேக்கறே?"

கௌசியா தட்டைக் கீழே வைத்தாள். பீரோவைத் திறந்தாள். துவைத்த ஜோடியைக் கொண்டுவந்து, நாற்காலியில் ஏறி, புதுசுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். இறங்கிச் சமையலறைக்குப் போய் ஏ, பி, சி, டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஹாலிலிருந்து தண்டாயுதபாணியின் குரல் கேட்டது.

"என்னுங்க பாய், ஒண்ணு வேட்டி, ஒண்ணு டவுசரு?"

"கல்யாணப் பொண்ணு சீலை மாத்தறப்ப, பந்திக்குப் போறவன் பூராம் குனிஞ்சு பாத்துட்டுப் போவானுங்க" என்றாள் ராஜம்மாள். "நல்லா வித்தீங்க போங்க."

டீயைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

"சந்தோஷமா?" என்று கேட்டார் அன்வர் பாட்சா. அதற்கு அப்புறம் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. "ஷாஹீன், உங்கம்மாகிட்ட உப்பு கேளு" என்று, உப்பு வைத்திருக்கிறவளின் முகத்துக்கு நேராகவே சொல்வார். கௌசியா உப்பை நகர்த்தி வைப்பாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே நாளுக்கொரு விதமாகத் தோன்றியது.

பத்தாம் நாள் ராஜம்மாள் போன் செய்தாள். அன்வர் பாட்சாதான் எடுத்தார். "உங்ககிட்ட இல்லீங்க பாய். அம்மிணிகிட்டக் குடுங்க."

கௌசியா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாலு கடை ஏறி எறங்கிட்டேன் அம்மிணி. அத்தனை பேரும் சுருங்காதுன்னுதான் சத்தியம் பண்றானுங்க. அந்தத் துணிய என்ன பண்ணுனா ஆகும்?"

"வெட்டுறதுக்கு முன்னாடியே நனைச்சுக் காயப்போட்டுரணுங்க அக்கா. சுருங்குறதெல்லாம் அப்பவே சுருங்கிக்கும். சாயத்துக்கு ரெண்டு பிடி கல்லுப்பு போடலாம். இருந்தாலும் கொஞ்சம் போகும்."

"போகும்னு நீயே சொல்றே?"

"போகுங்க."

"அப்ப நீயே வந்து நனைச்சுக் குடு."

கௌசியாவும் அன்வர் பாட்சாவும் மண்டபத்துக்குப் பஸ் ஏறிப் போனார்கள். ஆற்றோர ஊர் என்பதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வேறு பாத்திரம் இல்லாததால் மண்டபத்துச் சாம்பார் அண்டாக்களிலேயே துணியை முக்கினாள். அண்டா மெரூனானதைக் கண்டு சமையல்காரர் குதித்த குதியில் அவர் துண்டும் உள்ளே விழுந்தது. மூன்று நாள் நனைத்து, மாடி முழுக்கக் காயவைத்த பிறகுதான் கத்தரியை எடுத்தாள். சுருங்கியதை ஈடுகட்ட வாங்கிய கூடுதல் துணிக்கு அன்வர் பாட்சா முனகியபடியே பில் எழுதினார்.

முப்பத்திரண்டு ஜன்னலிலும் அந்த ஸ்கிரீன்கள்தான் இப்போதும் தொங்குகின்றன. மெரூன் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நீளம் குறையவில்லை. ராசிபுரத்துக் கடை திறந்திருக்கிறது. வருகிறவர்கள் விலையைப் பாயிடம் கேட்கிறார்கள். சுருங்குமா என்பதற்கு வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். கௌசியாவுக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச இன்னும் கூச்சம்தான். சுருங்கும் என்றால் சுருங்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். இதனால் மாதத்துக்கு இரண்டு வியாபாரமாவது கெடுகிறது என்கிறார் அன்வர் பாட்சா. அவருக்கு இந்த ஏற்பாட்டில் இன்னும் சம்மதம் இல்லை.