கட்டுத் துணிக்குக் காட்டிய மரியாதை

உயிரோடு இருப்பவரின் இரத்தம் பட்ட துணியைத் தீயில் இட்டால் அவருடைய உடம்பும் சேர்ந்து எரியும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. நிலவரித் தகராற்றில் வக்கீலையே மடக்கியவர்கள் நிறைந்த குடும்பம் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் மாமனாரின் காலில் வந்த கட்டியை ஓமலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கீறினார்கள். கழற்றிய கட்டுத் துணிகளைக் கம்பவுண்டர் கொல்லைக் குழியில் போட்டு எரிப்பது வழக்கம். மாமனார் மறித்தார்.

"என்ற காலு உசுரோட இருக்கையில அதுல கட்டுன துணிக்குக் கொள்ளி வெக்கறியா?"

"சீழுங்க. எரிக்கலீன்னா இன்னொருத்தருக்குத் தொத்துமுங்க."

"எங்கூட்டுச் சீழு எங்கூட்டோட இருக்கட்டும்."

"அப்படீன்னா மடியில கட்டிக்கிட்டுப் போங்க சாமி," என்றார் கம்பவுண்டர்.

மாமனார் உண்மையாகவே வாழையிலையில் கட்டி எடுத்துவந்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலம் எங்கள் எருக்குழிக்குப் போயிற்று. படித்தவள் என்று பெயர் வாங்கியிருந்த நானும் வாய் திறக்கவில்லை.

அந்த எருவை வெறுங்கையால் கூடையில் அள்ளியவள் எங்கள் பண்ணையில் வேலை செய்த பெண். அந்தக் கையைப் பிடித்துத்தான் என் மூத்த பிள்ளை நடக்கப் பழகினான். எரு அள்ளிய ஒருநாள் உள்ளங்கையில் அரிவாள் கீறிய காயத்தோடு வந்திருந்தாள். மூன்றாம் நாள் கை முழங்கைவரை வீங்கியது. அதே ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தும் அவள் பிழைக்கவில்லை. அவள் உயிரோடு இருந்தபோதே அவளுடைய கட்டுத் துணிகளை அங்கேயே எரித்தார்கள். அதற்கு எங்கள் வீட்டில் ஒருவரும் தடை சொல்லவில்லை.

மாமனார் இரண்டு கால்களோடும் நெடுநாள் வாழ்ந்தார். இப்போது அந்த வீட்டில் நான் இருக்கிறேன். அவளுடைய மகள் பண்ணையாட்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவில் இருக்கிறாள்.