ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒரு கேள்வி

அக்காவின் ஜெர்மன் நோட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, உதட்டைக் குவிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சின்ன வட்டம் போட்டிருப்பாள். அடுப்பு ஊதுகிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு ‘ஈ’ சொல்லு, வந்துவிடும் என்பாள். வந்தும்விடும், எனக்கு எரிச்சலாக இருக்கும். பீர்மேட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் பேச்சு தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சைக்கு ஆங்கிலமும் இந்தியும். இவை போதாதென்று பிளஸ் டூவில் சனிக்கிழமைதோறும் ஜெர்மன். அங்கே போய் நர்சிங் படிக்கலாம், படிக்கும்போதே சம்பளமும் உண்டு என்றார்கள். மஞ்சள்காமாலையில் ஒரு வருடம் போனதால் அக்காவும் என் வகுப்புதான். எந்த மொழியானாலும் அவள் முன்னால், நான் பின்னால்.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது கொழுந்து எடுக்கப் போனால்தான் அதில் குடியிருக்க முடியும். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. “ரெண்டு பேருல ஒருத்தி பேரப் பதிஞ்சிருங்கடி” என்றாள் அம்மா. எவள் என்று சொல்லவில்லை. அக்கா ஜெர்மனிக்கு, நான் தேயிலைக்கு என்பது சொல்லாமலே மூவருக்கும் தெரியும். முன்கதவைத் திறந்தால் பச்சை, பின்கதவைத் திறந்தாலும் பச்சை. டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மூச்சு முட்டும்.

ஜெர்மனில் ‘நீ’ என்றால் ‘ஒருபோதும் இல்லை’ என்று அர்த்தம். டீச்சர் அதைச் சொல்லித் தந்த அன்று வகுப்பே சிரித்தது. ஒரு வாரத்துக்கு யாரும் யாரையும் நிம்மதியாக ‘நீ’ என்று கூப்பிட முடியவில்லை.

நர்சிங் படிப்புக்கான நேர்காணல் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், வீடியோவில் நடந்தது. எங்கள் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தார்கள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை முறை வேலைக்கு வர முடியும் என்று அக்காவிடம் கேட்டார். மழையில் லைன் விட்டுவிட்டு வந்ததால் அக்காவுக்குக் கேள்வி பாதிதான் கேட்டது. என் பக்கம் திரும்பி, “நீ... நீ கேட்டியா?” என்றாள்.

திரையில் அந்த அம்மாளின் புருவம் உயர்ந்தது. “நீ?” என்று திருப்பிக் கேட்டார். என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவள் என்னிடம் தமிழில் பேசினாள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி ஜெர்மனில் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

காரணம் எதுவும் சொல்லாமல் முடிவு வந்தது. நான் தேர்வாகியிருந்தேன், அக்கா இல்லை. அடுத்த மாதமே அவள் தோட்டத்தில் பேர் பதிந்தாள்.

இப்போது ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். யார் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ளக் கேட்டாலும் சரி என்றுவிடுவேன். நல்ல மனசு என்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்.

போன லீவில் ஊருக்குப் போனபோது, பின்வாசலில் விரல்களின் தேயிலைக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கும் அப்பவே வெளங்கிருச்சுடி” என்றாள்.

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படிடி சொல்றது?”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கொச்சிக்கு ஜீப் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.