முதல் வரியிலேயே தாலி

எங்கள் கல்யாணத்தன்று உக்குவளைக்குப் பக்கத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையான நான் மழையில் தண்டவாளத்தோடு நடந்தே மாத்தளைக்கு வந்து, அலுவிகாரையில் பெண் வீட்டுக்கு நாலு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். எட்டு வருஷம் கழித்து அதைக் கதையாக எழுதி, கொழும்பில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அப்போது மாத்தளை டவுனில் ஒரு மிளகு, கொக்கோ ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். எழுத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

கதை திரும்பி வந்துவிட்டது. கூடவே ஆசிரியரின் கடிதம். கரு நல்ல கருவாம். ஆனால் பின்னல் இல்லை, உச்சம் முந்திவிட்டது, யார் பார்வையில் சொல்வது என்று யோசிக்க வேண்டுமாம்.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

"உச்சம்னா என்னங்க?"

"என்ன ஆகுமோன்னு நெஞ்சு அடிச்சுக்குமே, அந்த இடம்."

"நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?"

"'நனைந்த வேட்டியோடு அவளுக்குத் தாலி கட்டினேன்.'"

சிரித்தேவிட்டாள். "முதல் வரியிலேயே தாலி கட்டிட்டா அப்புறம் எவன் படிப்பான்?"

எனக்கு ரோஷம் வந்தது. பின்னல் என்றால் எதனால் எது நடந்தது என்ற தொடர்ச்சி, பார்வை என்றால் யார் கண்ணால் கதையைப் பார்க்கிறோம் என்பது என்று விளக்கினேன்.

"அப்ப உங்க கண்ணு எதுக்கு? நீங்க நடந்தீங்க, அவ்வளவுதான். நடந்ததெல்லாம் எங்க வீட்டுலதானே!"

"என்ன நடந்துச்சு?"

சுளகைக் கீழே வைத்தாள். முகூர்த்தம் தவறப் போகிறது என்று பெரியவர்கள் பயந்துவிட்டார்களாம். அவளுடைய மாமன் மகனைக் குளித்து வரச் சொல்லி, பட்டு வேட்டியும் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். இவள் மணையில் உட்கார மறுத்திருக்கிறாள். அப்பா கையை ஓங்கியிருக்கிறார். "அடிச்சாலும் சரி, அவரு வரட்டும்" என்றாளாம். கடைசியில் ஐயர் பிற்பகலில் இன்னொரு முகூர்த்தம் பார்த்துச் சொல்ல, நான் போய்ச் சேர்ந்தேன்.

எட்டு வருஷமாக எனக்கு இது தெரியாது.

"என்னை ஒரே ஒரு தடவைதானே பார்த்திருந்தே?"

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு 'உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டீங்களே. எல்லாரும் சிரிச்சாங்க. என்கிட்ட கேட்டது நீங்க மட்டுந்தான்."

அவள் மறுபடி அரிசியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் சொல்வதுபோலவே கதையை மாற்றி எழுதினேன். மறுத்த இடத்தில் அவள் கண்ணீர் விட்டதாகச் சேர்த்து, வாசித்துக் காட்டினேன்.

"நான் எங்க அழுதேன்? கோவமாத்தான் இருந்தேன்" என்றாள். கண்ணீரை அடித்துவிட்டேன். அதன் பிறகுதான் கதைக்குள் அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள்.

இந்த முறை அச்சில் வந்தது. பத்திரிகையை மடியில் விரித்துவைத்து, "இதுல என் பேரு எங்க இருக்கு?" என்றாள்.

"பேரே இல்ல. 'நான்'னு வர்ற இடமெல்லாம் நீதான்."

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டச் சொன்னாள். ஒரு பக்கம் முடிவதற்குள் என் விரலை முந்திக்கொண்டு அவளே கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள்.